பாவிச்ச மைக் சோடி: உண்மையா மெட்ச்ட் பெயாரோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

வெள்ளவத்தை_வீணை:
அவசரம். ஸ்டீரியோ ரெகார்டிங் செய்ய எண்டு, செகண்ட் ஹாண்ட் மைக் ரெண்டு பாத்திருக்கிறன். மெட்ச்ட் பெயார், அதாவது ஒரே மாதிரிக் கேக்கிற சோடி எண்டு விக்கிறவர் சொல்லுறார், பெட்டி பேப்பர் ஒண்டும் இல்லை. நாளைக்குப் பின்னேரம் தெஹிவளைக்குப் போய்ப் பாக்கலாம். என்னத்தைப் பாத்து வாங்கிறது?

கொட்டாஞ்சேனை கேபிள்:
என்ன மைக்? மைக்கை லெப்டொப்போட இணைக்கிற இன்டர்ஃபேஸ் என்ன? எதை ரெகார்ட் பண்ணப் போறீங்கள்? இது மூண்டும் தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது.

மருதானை மச்சான்:
சீரியல் நம்பர் அடுத்தடுத்து இருக்கா பாருங்க. இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்.

ஒலியியல் மாஸ்டர்:
இந்தச் சீரியல் நம்பர்க் கதை இன்னும் சாகவில்லையா? அளந்து பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்கள். அடுத்தடுத்த எண்கள் ஒத்துப்போகாமலும் இருக்கலாம், எட்ட இருக்கிற எண்கள் அச்சொட்டாகவும் இருக்கலாம். கேட்டவர் முதலில் மாடலைச் சொல்லட்டும்.

வெள்ளவத்தை_வீணை:
சொறி. மைக் ரோட் என்டி5. இன்டர்ஃபேஸ் ஸ்கார்லட் 2ஐ2. வீணையும் மிருதங்கமும், ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில.

கொட்டாஞ்சேனை கேபிள்:
அப்ப சரி. லெப்டொப், இன்டர்ஃபேஸ், கேபிள் ரெண்டு, காதை மூடுற ஹெட்போன், சின்ன ஸ்பீக்கர் ஒண்டு கொண்டு போங்கோ. ரெண்டு மைக்கின்ர தலையையும் ஒட்டி, ஒரே பக்கம் பாக்க, ஸ்பீக்கரில இருந்து ஒரு மீற்றரில வையுங்கோ. பிங்க் நொய்ஸ், அதாவது எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல் போட்டு 20 செக்கன் எடுங்கோ. பிறகு இன்டர்ஃபேஸில இருந்து மைக்குக்குப் போற 48 வோல்ட்டை நிப்பாட்டிப் போட்டு, கெய்னை (சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழை) தொடாமல் மைக் பக்கத்துக் கேபிளை மட்டும் மாத்திக் குத்தி இன்னொருக்கா எடுங்கோ. 2ஐ2 இன்ர ரெண்டு குமிழும் ஒரே இடத்தில நிண்டாலும் ஒரு டெசிபெல் ஏறி இறங்கலாம். வித்தியாசம் சனலோட நிண்டால் இன்டர்ஃபேஸ், மைக்கோட போனால் மைக்.

ஒலியியல் மாஸ்டர்:
சத்த அளவு வித்தியாசத்துக்கு இவ்வளவு பதறத் தேவையில்லை, அது கெய்னில் சரியாகிவிடும். சரிசெய்ய முடியாதது அதிர்வெண் வளைவு, அதாவது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு எடுக்கிறது என்பது. ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் ஒன்றையொன்று கழித்துச் சத்தம் போய்விடும். 1 டெசிபெல் வித்தியாசம் இருந்தால் சத்தம் 19 டெசிபெல்தான் குறையும், அரை டெசிபெல் என்றால் 25. கெய்னைச் சமப்படுத்திய பிறகும் 2 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே நிறைய மிஞ்சினால் அது சோடி இல்லை. மேலே மிஞ்சுவதை நம்ப வேண்டாம்: ஒரு தலை மற்றதைவிட 2 சென்ரிமீற்றர் முன்னால் நின்றாலே 8.5 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கழிவதற்குப் பதிலாகக் கூடும்.

இன்னொன்று. எக்ஸ்வை முறையில், அதாவது இரண்டு தலையும் ஒரே இடத்தில் 90 பாகை விலகி நின்றால், நடுவில் இருக்கிற வீணை இரண்டு மைக்குக்கும் 45 பாகை பக்கவாட்டில்தான் நிற்கிறது. ஓஆர்டிஎஃப் முறை, அதாவது தலைகள் 17 சென்ரிமீற்றர் தள்ளி 110 பாகை விலகி, என்றால் 55. ஆகவே இரண்டையும் ஒரே பக்கமாக அவ்வளவு திருப்பி வைத்தும் எடுக்க வேண்டும். நேராக மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் பாதிச் சோதனைதான் செய்கிறார்கள். 90 பாகையில் 6 டெசிபெல் அளவு குறைய வேண்டும். ஒன்று குறையாவிட்டால் அதன் பக்கத் துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை கேபிள்:
மாஸ்டர் சொல்லுறது சரி, ஆனா முதல்ல ஈரம். கடற்கரைப் பக்கம் கிடந்த கண்டென்சர் இது. ஸ்பீக்கரை நிப்பாட்டி, கெய்னை நல்லாக் கூட்டி, ஃபேனையும் நிப்பாட்டி அஞ்சு நிமிசம் ஹெட்போனில கேளுங்கோ. அப்பளம் பொரியிற மாதிரி வெடிச்சால் கப்சூல், அதாவது சத்தத்தைப் பிடிக்கிற தலை, ஈரம் குடிச்சிருக்கு. என்டி5 இல கப்சூல் கழரும். ரெண்டையும் மாத்திப் பூட்டுங்கோ. சத்தம் கப்சூலோட போகுதோ உடம்போட நிக்குதோ எண்டு தெரியும்.

மருதானை மச்சான்:
ஈரம் தானே? அரிசி டின்ல ஒரு நைட் போட்டா சரி.

கொட்டாஞ்சேனை கேபிள்:
ஐயோ வேண்டாம். அரிசித் தூள் உள்ள போனால் டயஃபிரம் எண்ட மெல்லிய சவ்வு துலைஞ்சுது. சிலிக்கா ஜெல்லோட காத்துப் போகாத டப்பாவில வையுங்கோ.

மருதானை மச்சான்:
கேமராக்காரன் எல்லாம் அரிசிதான் போடுறான்.

ஒலியியல் மாஸ்டர்:
கொழும்புக் காற்றில் கிடந்த அரிசியே ஈரம் பிடித்திருக்கும். அது எதை உலர்த்தப் போகிறது?

மருதானை மச்சான்:
வறுத்துப் போடுங்க மாஸ்டர்.

கொட்டாஞ்சேனை கேபிள்:
பிரியாணியைப் பிறகு பாப்பம். வீணை அண்ணை, ஏசி காரில இருந்து இறக்கின உடனே மைக்கைப் பெட்டியால எடுக்காதேங்கோ, தலையில பனி பிடிக்கும். அரை மணித்தியாலம் மூடினபடி வைச்சிட்டுத் திறவுங்கோ. அவரிட்டயும் 48 வோல்ட்டில கொஞ்ச நேரம் விட்டுப் பாத்திட்டுத்தான் முடிவெடுக்கிறது.

வெள்ளவத்தை_வீணை:
போய் வந்தன். அளவு வித்தியாசம் ஒண்டரை டெசிபெல், கெய்னில சரி வந்துது. ஆனா ஒண்டில வெடிக்குது, கப்சூலை மாத்த அதோட சேந்து போகுது. அரை மணி 48 வோல்ட்டில விட்டும் நிக்கேல்லை. வாங்கேல்லை. நன்றி.

மருதானை மச்சான்:
மத்தது நல்லம் தானே? அத மட்டும் தனியா குடுப்பாரா கேளுங்க. டிரம்ஸ் ஹை-ஹட்டுக்கு ஒண்டு தேவை.