அழுங்கை (எறும்புத்தின்னியை) நேரில் பார்த்தவர்கள் உண்டா?

இருபதாவது வளைவு:
கடனைக் கேட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களை ‘அழுங்குப் பிடி’ என்பார் என் அப்பா. அந்தச் சொல்லுக்குச் சொந்தக்கார விலங்கைப் பார்க்க எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. போன மார்கழியில் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். இரவு களத்தில் காயும் காப்பியைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத் திரும்பும்போது, மரத்தடியில் சருகு கிளறும் சத்தம். காட்டுப்பன்றி என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்தால், கரையான் புற்றுக்குள் மூக்கை விட்டபடி ஓர் அழுங்கு! முதுகு முழுவதும் ஓடு வேய்ந்தது போலச் செதில், இடுக்குகளில் செம்மண். வெளிச்சம் பட்டதும் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் சுற்றிக்கொண்டு பலாப்பழம் போல உருண்டுவிட்டது. என் நாய் காலால் தட்டியது, மோந்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது. டார்ச்சை அணைத்து, நாயைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். நிலா வெளிச்சத்தில் முதலில் மூக்கு வந்தது. பிறகு முன்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, முட்டி வலிக்காரரைப் போல ஆடி ஆடி நடந்து புதருக்குள் போய்விட்டது.

அம்மாப்பேட்டை வாசகி:
கொடுத்துவைத்தவர் அண்ணா. நான் பார்த்தது செதிலை மட்டும்தான். வாயுப் பிடிப்புக்கு நல்லது என்று பாட்டி அழுங்கு ஓட்டு மோதிரம் போட்டிருந்தார். சாகும்வரை மோதிரமும் இருந்தது, வாயுவும் இருந்தது. அந்தச் செதில் வெறும் கெரட்டின். நாம் வெட்டி எறிகிற நகமும் அதேதான். இதற்காகவா அதைக் கொல்கிறார்கள்?

ஜொகூரில் ஒரு சேலத்தான்:
இங்கே செம்பனைத் தோட்டத்தில் ஒருமுறை பார்த்தேன். இது சுந்தா அழுங்கு. வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு மரம் ஏறும். மலாய்க்காரர்கள் ‘தெங்கிலிங்’ என்கிறார்கள். ஆசியாவில் மொத்தம் நான்கு வகை. சுந்தா, சீன அழுங்கு, பலவான் தீவுப் பக்கம் மட்டுமே வாழும் பிலிப்பைன்ஸ் அழுங்கு ஆகிய மூன்றும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. நம்முடையது இந்திய அழுங்கு. பாகிஸ்தான் முதல் இலங்கை வரை இருக்கிறது, ஆனால் அதுவும் அருகிவரும் இனம்தான். ஆப்பிரிக்காவின் நான்கையும் சேர்த்து எட்டு வகைகளுக்கும் பன்னாட்டு வணிகத் தடை விதிக்க 2016இல் முடிவெடுத்தார்கள். சிறுத்தையின் பல்லுக்கே அசையாத உருண்டையை மனிதன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். ஓடக்கூடத் தெரியாத பிராணி!

கொண்டப்பநாயக்கன்பட்டி இளைஞன்:
அண்ணா, தோட்டம் எந்தப் பக்கம்? கேமராவோடு வரலாமா?

இருபதாவது வளைவு:
தம்பி, காப்பி குடிக்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். இடத்தை மட்டும் கேட்காதீர்கள். பொங்கல் முடிந்த வாரம் பைக்கில் இருவர் வந்து, “இங்கே புற்று நிறைய இருக்குமே?” என்று பழம் பறிக்கும் பெண்களிடம் விசாரித்திருக்கிறார்கள். “போன வருடமே எல்லாவற்றுக்கும் மருந்து அடித்துவிட்டோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் ஓர் அம்மா. நான் அப்படி எந்த மருந்தும் அடிக்கவில்லை.