என் உடம்பு என் விருப்பம் என்பது எதுவரை?

பள்ளத்தூர்ப் பெண்:
எனக்கு 41 வயது, எடை 94 கிலோ. சென்ற மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, பெரிய அண்ணன் பந்தியிலேயே கேட்டார்: "தெரிந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாயே, இதுவும் தற்கொலைதானே?" என் இலையில் ஒரு வெள்ளைப் பணியாரம் இருந்தது. தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முழங்கால் வலிக்கிறது. பருமனால் கேடு இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் அண்ணன் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர். அவருக்குச் சர்க்கரை உண்டு. போன முறை கால் பெருவிரல் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அதை யாரும் தன்னைத் தானே வதைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன், அது முருகனுக்கு அவர் கொடுத்த வாக்கு. என் உடம்புக்கு மட்டும் ஏன் இந்தத் தீர்ப்பு?

இதைவிட என்னை அரிப்பது வேறொன்று. அக்காள் மகளுக்கு 17 வயது. ஓராண்டில் பாதியாகிவிட்டாள். அன்றைக்கு வந்த ஆச்சிமார் அத்தனை பேரும் "கல்யாணக் களை வந்துவிட்டது" என்று கன்னத்தைத் தடவினார்கள். வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் அவள் கை கழுவியபோது பார்த்தேன். மோதிரம் கழன்று விழாமலிருக்க உள்பக்கம் நூலைச் சுற்றி வைத்திருக்கிறாள், மூன்று நான்கு சுற்று. கொளுத்தும் வெயிலில் சால்வை போர்த்தியிருந்தாள். கேட்டதற்கு, "என் உடம்பு, என் விருப்பம் சின்னாத்தா" என்றாள். அண்ணனிடம் நான் சொல்ல நினைத்த அதே வாக்கியம். அவளை எப்படி மறுப்பேன்?

தேவகோட்டைச் செவிலியர்:
ஆச்சி, இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள். எடை கூடுவதில் பரம்பரை, தைராய்டு, சில மாத்திரைகள், தூக்கம், மனக்கவலை எல்லாம் சேர்ந்திருக்கும். அதைத் தற்கொலை என்பது கொடுமை. பிள்ளையின் கதை வேறு. அனோரெக்சியா என்று, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் ஒரு மனநோய் உண்டு. எவ்வளவு மெலிந்தாலும் கண்ணாடியில் பருமனாகவே தெரியும். விருப்பம் என்று அவள் சொல்வதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு நோயுடையது என்று அவளுக்கே தெரியாது. மாதவிலக்கு நின்றிருக்கிறதா, எழும்போது தலை சுற்றுகிறதா, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாளா என்று அவள் அம்மாவை மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். அது உயிருக்கே ஆபத்து. பொது மருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் பார்க்க வேண்டும், காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு இப்போதே பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

காரைக்குடி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல், உயிர்விட்டதை நாம் தற்கொலை என்று பாடம் நடத்துவதில்லை. சமணர்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனை தற்கொலையே என்று 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நீதிபதிகளே திணறும் இடத்தில் பந்தியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன உங்கள் அண்ணன் செய்தது தவறு. ஆனால் வடக்கிருந்தவர்களும் சல்லேகனை இருந்தவர்களும் வளர்ந்தவர்கள், தெளிந்து முடிவெடுத்தவர்கள். 17 வயதுப் பிள்ளை ஒளித்து வைத்துச் செய்வதை அந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கானாடுகாத்தான் வாசகர்:
அண்ணன் பேசியது பயத்தில் அம்மா. என் மனைவியை மாரடைப்புக்குக் கொடுத்தவன் நான். நானும் அப்படித்தான் கத்தினேன். கத்தக் கத்த அவள் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

பள்ளத்தூர்ப் பெண்:
எல்லாருக்கும் நன்றி. கானாடுகாத்தான் ஐயா, உங்கள் வரியை அண்ணனுக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அக்காளிடம் பேசிவிட்டேன். ஆறு மாதமாக மாதவிலக்கு இல்லையாம், அக்காளுக்கே நேற்றுத்தான் தெரிந்தது. நாளைக் காலையில் மருத்துவரிடம் போகிறோம். வர மாட்டேன் என்று அழுதாள். "நானும் என்னைக் காட்டிக்கொள்ளத்தான் வருகிறேன், முழங்காலையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லப்போகிறேன்" என்றேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, பஸ்ஸில் தொலைந்துவிடும், பர்ஸில் வையுங்கள் என்றாள்.