புதுப்பிப்பு: கொழுந்துத் தராசின் எடை கணினியில் குழம்பி வந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து நிறுக்கும் தராசை சீரியல்-ஈதர்நெட் அடாப்டரில் (தராசின் சீரியல் கேபிளை நெட்வொர்க் வழியாகக் கணினியோடு சேர்க்கும் சிறு பெட்டி) இணைத்தால் எடை குழம்பி வருகிறது என்று கேட்டிருந்தேன்.

"0, 3, 5, 6, 9 ஒழுங்காக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் குழம்பினால் பாரிட்டியைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. பாரிட்டி என்பது பிழை கண்டுபிடிக்க ஒவ்வோர் எழுத்தோடும் சேர்த்து அனுப்பும் ஒரு பிட்; இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் இல்லாவிட்டால் சில எண்கள் மட்டும் குழம்பும். அடாப்டரில் வேகம் 9600, 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் வைத்ததும் சுத்தமாக வந்தது. கொழுந்து எடுப்பவர்களின் சம்பளக் கணக்கு இது, ஓர் எண்கூடப் பிசகக்கூடாது.

எதிர்பாராதது ஒன்று: கரண்ட் போய் கணினி நின்றால், திரும்ப இணைய முடியவில்லை. அடாப்டர் யூபிஎஸ்ஸில் இருப்பதால், அது ஏற்கிற ஒரே டிசிபி (நெட்வொர்க்) இணைப்பையும் அறுந்துபோன பழைய இணைப்புக்கே பிடித்து வைத்திருந்தது. கீப்-அலைவ் நேரத்தை (மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று அடாப்டர் சோதிக்கும் நேரம்) 60 வினாடியாக்கினேன். அப்புறம் தானாக இணைகிறது.