டவர் போனதும் கைபேசியில் இடம் தெரியவில்லை, உதவுங்கள்

காசிமேடு ஃபைபர்:
மாமாவின் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறேன். படகிலிருந்த ஜிபிஎஸ் கைக்கருவி உப்பு ஏறிக் கெட்டுவிட்டது. கைபேசியை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், டவர் போனதும் வரைபடம் வெறும் சாம்பல் கட்டங்களாகிவிடுகிறது. நேற்று சார்ஜ் மிச்சப்படுத்த அணைத்து வைத்தேன். திரும்பப் போட்டபோது நீலப் புள்ளியே வரவில்லை. இணையம் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யாதா?

தண்டையார்பேட்டை ரேடியோ:
செய்யும் தம்பி. கைபேசி செயற்கைக்கோளோடு பேசுவதே இல்லை, கேட்க மட்டும் செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. நான்கு கோள்கள் கிடைத்தால் போதும். நான்காவது, கைபேசிக் கடிகாரத்தின் பிழையைச் சரிக்கட்ட.

கரையில் இருக்கும்போது கோள்களின் பாதைக் குறிப்பை இணையம் நொடியில் கொடுத்துவிடும். கடலில் அதைக் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். நொடிக்கு 50 பிட் மட்டுமே வரும். தடையில்லாமல் கேட்டாலே அரை நிமிடம் ஆகும். இடையில் அறுந்தால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். கைபேசியை எங்கே வைத்திருந்தீர்கள்?

காசிமேடு ஃபைபர்:
நனையாமலிருக்க அலுமினியப் பெட்டிக்குள், அண்ணா.

தண்டையார்பேட்டை ரேடியோ:
அதுதான் காரணம். உலோகத்தைத் தாண்டி அந்தச் சிக்னல் வராது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். கரையிலேயே புள்ளி வந்த பிறகு புறப்படுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள்.

காசிமேடு ஃபைபர்:
இன்று புள்ளி ஒரு நிமிடத்துக்குள் வந்தது, மிக்க நன்றி! ஆனால் மாமாவின் நோட்டில் வலை போடும் பாயின்ட் 13 10.500, 80 30.000 என்று இருக்கிறது. 13.10500, 80.30000 என்று அடித்தால் சென்னைத் துறைமுகத்தைக் காட்டுகிறது. கருவி பொய் சொல்கிறதா?

திருவொற்றியூர் பழைய டிரைவர்:
பொய் இல்லையப்பா. நோட்டில் இருப்பது டிகிரியும் நிமிடமும். கைபேசி கேட்பது தசமம். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். 10.5-ஐ வகுத்தால் 0.175, 30-ஐ வகுத்தால் 0.5. ஆக 13.175, 80.5. நீ அடித்த இடம் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இருட்டில் இந்தத் தவறு உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு பாயின்டையும் கரையிலேயே மாற்றி எழுதி, மாமாவிடம் காட்டு.

இன்னொன்றும் மனதில் வை. நீ எங்கே இருக்கிறாய் என்று உன் கைபேசிக்குத் தெரியும். கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கவும் டவர் வேண்டும். அதனால் செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி படகில் கட்டாயம் இருக்கட்டும்.

காசிமேடு ஃபைபர்:
மாற்றி அடித்தேன் ஐயா. குறி துறைமுகத்தை விட்டு நடுக்கடலுக்குப் போய் நின்றது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அங்கேதான்” என்றார்.