பெற்றோரின் ஈடுபாட்டைப் பிள்ளைகளிடம் கேட்டு அளப்பது: இந்த வினாக்கொத்து சரியா?

வெள்ளவத்தை_வாசகி
முதுகல்விமாணி ஆய்வு. கொழும்பில் தமிழ்மொழிமூலம் படிக்கும் தரம் 10 மாணவர்கள், தங்கள் படிப்பில் பெற்றோர் எவ்வளவு ஈடுபடுவதாக உணர்கிறார்கள் என்று அளக்க வேண்டும். ஆங்கில வினாக்கொத்து ஒன்றை மொழிபெயர்த்து 30 கூற்றுகள் வைத்திருக்கிறேன். தெரிவுகள் 'முற்றிலும் மறுக்கிறேன்' (1) முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' (5) வரை. 40 பேரிடம் பரீட்சித்ததில் குரொன்பாக் அல்பா (கூற்றுகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், உச்சம் 1) 0.91. ஆனால் எல்லோருமே 4, 5 என்றுதான் போட்டிருக்கிறார்கள். இப்படியே 300 பேரிடம் போகலாமா?

அளவுகோல்
வேண்டாம். 0.91 பெரிய விஷயமில்லை. கூற்றுகளுக்கிடையிலான சராசரி இணைபு (இரண்டு கூற்றுகளின் விடைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) வெறும் 0.25 ஆக இருந்தாலே 30 கூற்றுகளுக்கு அல்பா 0.91 வந்துவிடும். எல்லாக் கூற்றும் ஒன்றையே அளக்கிறது என்பதற்கு அது சாட்சியல்ல.

குரொல்னிக், ஸ்லொவியசெக் என்ற ஆய்வாளர்கள் 1994இலேயே பெற்றோர் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: பாடசாலைக்குப் போய்வருவது போன்ற செயல்கள், புத்தகம், நாட்டு நடப்பு என்று அறிவுக்குத் தீனி போடுவது, பிள்ளையின் பாடசாலை வாழ்க்கையை அறிந்து அக்கறை காட்டுவது. நடுநிலைப் பாடசாலை வயதினர் பற்றிய ஆய்வுகளை ஹில், டைசன் இருவரும் 2009இல் தொகுத்தபோது, படிப்பின் பெறுமதியையும் எதிர்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவதுதான் அடைவோடு மிக வலுவாக இணைந்திருந்தது. வீட்டுவேலைக்கு உதவுவதில் அப்படி நிலையான நேர்த்தொடர்பு இல்லை. பிள்ளை பின்தங்கிய பிறகுதான் பல பெற்றோர் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது ஒரு காரணமாகலாம். இரண்டையும் ஒரே மொத்தப் புள்ளியில் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். பிரிவுக்கு 5, 6 கூற்று வையுங்கள், அல்பாவையும் பிரிவுவாரியாகப் பாருங்கள். தன் பிரிவின் மற்றக் கூற்றுகளோடு 0.30க்குக் கீழே இணையும் கூற்றை முதலில் சந்தேகியுங்கள்.

4, 5 குவிவதற்குக் காரணம் தெரிவுகள்தான். 'என் பெற்றோர் என் படிப்பில் அக்கறை உள்ளவர்கள்' என்றால் எந்தப் பிள்ளை மறுக்கும்? நடந்ததைக் கேளுங்கள்: 'இந்தத் தவணையில், எனக்கு எந்தப் பாடம் கடினம் என்று வீட்டில் கேட்டார்கள்.' தெரிவுகள்: ஒருமுறையும் இல்லை, ஓரிரு முறை, மாதம் ஒருமுறை அளவில், வாரம் ஒருமுறை அளவில், அதைவிடக் கூட. பெற்றோர் கூட்டம் மாதிரித் தவணைக்கு ஒருதடவை வரும் விஷயத்துக்கு இது பொருந்தாது, அங்கே 'வந்தார்கள், வரவில்லை' போதும்.

கொட்டாஞ்சேனை_ஆசிரியர்
'பெற்றோர்' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. அம்மா வெளிநாட்டில், அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை யாரை நினைத்துக் கோடிடும்? முதல் கேள்வியே 'வீட்டில் உங்கள் படிப்பைக் கூடுதலாகக் கவனிப்பவர் யார்?' என்று இருக்கட்டும், மற்றவை அவரைப் பற்றியதாக. முஸ்லிம் பாடசாலைகளும் இருந்தால் தெரிவுகளில் உம்மா, வாப்பா விடுபடக்கூடாது.

எதிர்மறைக் கூற்றுகளையும் தவிருங்கள். 'படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை' என்பதற்கு 'ஒருமுறையும் இல்லை' என்று கோடிட்டால் கேட்டார்களா, இல்லையா? பெரியவர்களே தடுமாறுவார்கள். 7, 8 பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தி, ஒவ்வொரு கூற்றும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பின்மொழிபெயர்ப்பில் (தமிழை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவதில்) பிடிபடாத பிழை இதில் பிடிபடும்.

பெயர் எழுத வேண்டாம், வகுப்பாசிரியர் வெளியே நிற்கட்டும், தாளைப் பிள்ளையே உறையிலிட்டு ஒட்டட்டும். வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தால் திரும்பவும் 5தான்.

எண்_கணக்கு
300 பேரையும் வகுப்புவகுப்பாக எடுப்பீர்கள் என்றால் அது 300 பேருக்குச் சமமில்லை. வகுப்புக்கு 25 பேர், வகுப்புக்குள் ஒற்றுமை (ஒரே வகுப்புப் பிள்ளைகளின் விடைகள் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று வைத்தால் வடிவமைப்பு விளைவு, அதாவது 300ஐ வகுக்க வேண்டிய எண், 1 + (24 × 0.05) = 2.2. கையில் இருப்பது ஏறக்குறைய 136 பேரின் தகவல்தான். ஒரு வகுப்பில் 10 பேராக 30 வகுப்புகளில் எடுத்தால் அது 1.45, அதாவது 207 பேர். அலைச்சல் கூட, ஆனால் பலன் உண்டு.

வெள்ளவத்தை_வாசகி
நன்றி. ரியூசன் காசு கட்டுவது, வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவது, இவற்றை எந்தப் பிரிவில் சேர்க்கலாம்?

அளவுகோல்
காசை எதிலும் சேர்க்காதீர்கள், அது வருமானத்தைத்தான் அளக்கும். பின்னணித் தகவலில் தனியாகக் கேட்டுக் கட்டுப்பாட்டு மாறியாக (பகுப்பாய்வில் அதன் பாதிப்பை விலக்கிப் பார்க்க) வையுங்கள். கொண்டுபோய் விடுவதைச் செயல் பிரிவில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பாதுகாப்புக்காக மகளை மட்டும் கூட்டிப்போகும் வீடுகள் நிறைய, ஆண், பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கூற்று ஒரேமாதிரி வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.