புதுப்பிப்பு: பழைய பட இசைத்தட்டுகள், ஒரு திருத்தமும் சில சேர்க்கைகளும்

எச்எம்வி, இன்ரெக்கோ, எக்கோ நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்ப் பட எல்பி (பல பாட்டுள்ள பெரிய தட்டு), ஈபி (சில பாட்டே உள்ள சிறிய தட்டு) தட்டுகளை வாங்குவது, கழுவுவது பற்றிய முந்தைய பதிவுக்கான தொடர்ச்சி இது.

முதலில் திருத்தம். கழுவும் கலவைக்குக் காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் 1 பங்கு என்று அதில் சொன்னது வினைல் தட்டுக்கு (எல்பி, ஈபி போன்ற பிளாஸ்டிக் தட்டு) மட்டும். 78 ஆர்பிஎம் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய வகை) அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், ஒலி பதிந்த பள்ளம் மழுங்கிவிடும். அதற்கு வடித்த நீரோடு ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். தட்டின் நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது, கழுவியதும் உடனே துடைத்துவிடுங்கள். பிளேயர் ஊசியும் வேறு: முனை 78க்கு சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எல்பிக்கு 0.7 மில். எல்பி ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உராய்ந்து கரகரக்கும்.

கழுவியும் போகாத வெள்ளைப் படலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தட்டைப் போட்டுவைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. உறையிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின் மேற்பரப்பையே மாற்றிவிடுகிறது. எந்தக் கலவையாலும் போகாது. உறையை பாலிஎதிலீனுக்கு மாற்றினால் மேலும் பரவாது, அவ்வளவுதான்.

விற்பவர் “மின்ட்” (புத்தம் புதிது போன்ற நிலை) என்றால் நம்பிவிடாதீர்கள். வெளி அட்டையில் உள்ள தட்டு எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நல்ல அட்டைக்குள் வேறு தட்டு வருவது சகஜம். பிறகு விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். கீறலே இல்லாமல் பள்ளம் சாம்பல் பூத்திருந்தால், கனமான பழைய பிளேயரில் தேய்ந்த தட்டு. உரத்த இடங்களில், முக்கியமாகக் கடைசிப் பாட்டில், குரல் பிசிறும். அதற்கு அபூர்வ விலை கொடுக்காதீர்கள்.