80 லிட்டர் பழைய இன்ஜின் ஆயில் சேர்ந்துவிட்டது: தோட்டத்திலேயே பயன்படுத்தலாமா, எப்படிக் கழிப்பது?

வரப்பு:
டிராக்டர், டீசல் பம்ப்செட், ஜெனரேட்டர் மூன்றிலிருந்தும் வடித்த ஆயில் ஏறக்குறைய 80 லிட்டர் ஷெட்டில் கிடக்கிறது. பாதி 20 லிட்டர் கேன்களில். மீதி ஒரு 200 லிட்டர் பேரலில், அதன் மூடி சரியாக இல்லாததால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். கிணறு ஷெட்டிலிருந்து 30 அடி. வேலிக்கால்களுக்குக் கரையான் ஏறாமல் பூசலாம், செயின்சாவுக்கு ஊற்றலாம், மண்பாதையில் தூசி அடங்கத் தெளிக்கலாம், துணியில் வடித்து டீசலில் கலக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது சரி? எதுவுமே கூடாது என்றால் எப்படி வைத்து, யாரிடம் கொடுப்பது?

கலப்பை:
வணக்கம் வரப்பு. முதலில் அந்தக் கருப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜினுக்குள் போகும்போதே அதில் துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் சேர்ந்த கூட்டுப்பொருட்கள் உண்டு. வெளியே வரும்போது கரி, எரியாத டீசல், அமிலம், பேரிங்கும் ரிங்கும் தேய்ந்த இரும்பு, தாமிரம், ஈயம் எல்லாம் கூடிவிடும். எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் சேரும். இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஆகவே புது ஆயிலைத் தொடுவதும் பழையதைத் தொடுவதும் ஒன்றல்ல. நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள்; பெட்ரோலில் கழுவினால் தோலின் எண்ணெய்ப்பசை போய், மிச்சம் உள்ளே ஊறும்.

வேலிக்கால்: மரம் உளுப்பது தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். தூரிகையால் பூசிய ஆயில் மேல்தோலோடு நின்றுவிடும். பூஞ்சையைக் கொல்லும் மருந்து அதில் இல்லை, கரையானையும் நாள்படத் தடுக்காது. மழைக்கு மழை ஆயில் மண்ணில் இறங்குவதுதான் மிச்சம். குழியின் அடியில் நான்கைந்து அங்குலம் ஜல்லி போட்டு, காலைச் சுற்றி மண்ணை வெளிச்சரிவாக ஏற்றினாலே தண்ணீர் தேங்காது. காலின் ஆயுள் கூடும். மண்ணுக்குள் நிற்கிற மரத்துக்கு வைரம் பாய்ந்த மரமோ, அழுத்தத்தில் மருந்தேற்றிய மரமோதான் சரி. போரேட் மருந்து தரைக்கு மேல் மட்டும் நிற்கும், ஈர மண்ணில் கரைந்து போய்விடும்.

செயின்சா: சங்கிலி ஓடும் நீளத் தகடுதான் பார். அதற்கு ஊற்றும் பார் ஆயிலில் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ள ஒரு பிசுபிசுப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். இன்ஜின் ஆயிலில் அது கிடையாது. பாரின் நுனியில் சங்கிலி திரும்பும் இடத்தில் ஆயில் விசிறி அடிக்கும். பொடித்துளியாக முகத்துக்கும் மூச்சுக்கும் வரும். உள்ளே இருக்கும் உலோகத்தூள் ஆயில் பம்பையும் பாரின் பள்ளத்தையும் அரிக்கும். பார் ஆயிலே வாங்குங்கள். தாவர எண்ணெயில் செய்ததும் கிடைக்கும். அது போட்டால் வாரக்கணக்கில் சும்மா வைக்கும் முன் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள், இல்லையேல் பிசினாகி இறுகும்.

டீசலில் கலப்பது: துணியும் ஃபில்டரும் பிடிப்பது பெரிய துகளை மட்டும். இன்ஜின் கரி ஒரு மைக்ரானுக்கும் கீழே, சாதாரண ஃபில்டரில் நழுவிவிடும். கால்சியமும் துத்தநாகமும் ஆயிலில் கரைந்தே இருப்பவை, எந்த ஃபில்டரும் அவற்றைப் பிடிக்காது. எரிந்ததும் சாம்பலாகி இன்ஜெக்டர் நுனியிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் படியும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் கொஞ்ச நாள் தாங்கும். காமன் ரெயில் இன்ஜினில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் பாய்ச்சும் புதிய வகை) மட்டும் தயவுசெய்து வேண்டாம், இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான்.

பாதையில் தெளிப்பதா? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஓர் ஊர். 1970களின் தொடக்கத்தில் தூசி அடங்க அங்கே தெருக்களில் கழிவு ஆயிலைத் தெளித்தார்கள். அந்த ஆயிலில் டையாக்சின் என்னும் கொடிய நச்சு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 1983ல் அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. உங்கள் ஆயிலில் டையாக்சின் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாதையில் ஊற்றியது பாதையோடு நிற்காது, முதல் மழையில் வாய்க்காலுக்கு வரும். உங்கள் கிணறு 30 அடியில் இருக்கிறது.

திருப்புளி:
பயன்பாட்டைப் பற்றிக் கலப்பை சொன்னதே போதும். வைக்கும் முறையைச் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான்.

பேரலை வெளியே நட்டக்குத்தலாக வைத்தால் மேல்தட்டில் மழைநீர் தேங்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். பகலில் சூடேறிப் பேரலுக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து உள்ளிழுக்கும். மூடியின் மரை வழியே தேங்கிய நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆகவே கூரைக்கடியில் வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, இரண்டு மூடியும் தேங்கும் நீருக்கு மேலே இருக்கும்படி திருப்பி விடுங்கள்.

அடியில் கசிவுத்தொட்டி வேண்டும். பெரிய கலத்தின் கொள்ளளவைவிட 10 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. 200 லிட்டர் பேரலுக்கு 220. நாலடிக்கு நாலடி சிமெண்ட் தளம் போட்டு, சுற்றி 6 அங்குல வரப்பு கட்டினால் 226 லிட்டர் வரும். அதில் வடிகால் ஓட்டை வைக்காதீர்கள். இடம் கிணற்றைவிடத் தாழ்வாக, எட்ட இருக்கட்டும்.

20 லிட்டர் கேனில் 18க்கு மேல் ஊற்ற வேண்டாம், சூட்டில் விரியும். குடிநீர், சமையல் எண்ணெய் பாட்டில்களில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து நிஜமானது. ஒவ்வொரு கேனிலும் "பழைய இன்ஜின் ஆயில்" என்று பெயிண்டில் எழுதி, எந்த வண்டியுடையது, தேதி என்ன என்பதையும் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இதில் வேறு எதையும் கலக்காதீர்கள். கூலண்ட், பிரேக் ஆயில், தின்னர், பெட்ரோல், பூச்சிமருந்து, பிரேக் க்ளீனர் எதுவும் சேரக் கூடாது. ஒரு லிட்டர் பிரேக் க்ளீனர் கழிவு ஒரு பேரலையே மறுசுத்திகரிப்புக்கு ஆகாமல் செய்துவிடும். சில க்ளீனர்களில் குளோரின் உண்டு. சந்தேகம் இருந்தால் திறந்த வெளியில், பேரலிலிருந்து எட்டத் தள்ளி, ஒரு தாமிரக் கம்பியைப் புகையில்லாத தீயில் தீயில் நிறம் வருவது நிற்கும் வரை காய்ச்சுங்கள். ஆறியதும் நுனியை ஆயிலில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். முதலில் மஞ்சளாகப் புகைந்து ஆயில் எரியும். அது அடங்கிய பின் பளிச்சென்று பச்சை வந்தால் குளோரின் இருக்கிறது என்று பொருள். அந்தக் கேனைத் தனியே ஒதுக்குங்கள்.

பழைய ஃபில்டரையும் மறந்துவிடாதீர்கள், உள்ளே நிறைய ஆயில் நிற்கும். இன்ஜின் சூடு ஆறும் முன்பே கழற்றி, குமிழ் முனையில் துளை போட்டு, துளை கீழே பார்க்க 12 மணி நேரம் வடியவிட்டால் பெரும்பகுதி இறங்கிவிடும்.

வரப்பு:
மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். பேரலில் இறங்கிய தண்ணீரை எப்படிப் பிரிப்பது? சொட்டு அடுப்பில் எரித்துத் தீர்க்கலாமா? ஷெட் வாசலில் நாலைந்து அடிக்குக் கருப்பாக ஊறியிருக்கிறது, அந்த மண்ணை என்ன செய்வது?

திருப்புளி:
ஆயில் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். ஆனால் இன்ஜின் ஆயிலில் உள்ள டிடர்ஜெண்ட் கொஞ்சம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். பால் ஊற்றிய டீ நிறத்தில் ஒரு அடுக்கு தெரிந்தால் அதுதான். பேரலை அசைக்காமல் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு கைப்பம்பின் குழாயை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உறிஞ்சி, அடியில் நாலு விரற்கடை மிச்சம் விடுங்கள். அந்த மிச்சத்தைத் தனிக் கேனில் "தண்ணீர் கலந்தது" என்று எழுதி வையுங்கள், மண்ணில் கொட்டிவிடாதீர்கள். எடுத்த ஆயிலில் இரண்டு சொட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புத்தட்டில் விட்டுப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, தள்ளி நின்று செய்யுங்கள்.

புகைபோக்கி:
சொட்டு அடுப்பு வேண்டாம். ஆயில் முழுதாக எரிய அதைச் சூடேற்றி, காற்றழுத்தத்தில் பொடித்துளியாக்க வேண்டும்; அதற்கென்று செய்த பர்னரில் மட்டும்தான் அது நடக்கும். தட்டில் சொட்டவிட்டு எரித்தால் பற்றவைக்கும்போதும் அணையும்போதும் கரும்புகைதான். ஆயிலில் நீர் இருந்தால் ஆவியாகி, எரியும் ஆயிலைச் சிதறடிக்கும். தனி பர்னர் வைத்தாலும் சாம்பல் கணக்கு உண்டு. எடையில் 1 சதவீதம் சாம்பல் என்று வைத்தால் 100 லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கு மேல் துத்தநாகமும் கால்சியமும் சேர்ந்த தூள் அடுப்பிலும் குழாயிலும் படியும். அதைச் சுத்தம் செய்வது யார், எங்கே கொட்டுவது? தானியமோ மிளகாயோ உலர்த்தும் சூட்டுக்கு இதை நினைத்தே பார்க்காதீர்கள். 80 லிட்டருக்காக இந்தப் பாடு தேவையில்லை.

மண்புழு:
ஊறிய மண்ணில் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். ஆயில் கரைந்து இன்னும் ஆழம் போகும். நிறமும் வாடையும் போகும் வரை தோண்டி எடுங்கள். அதைத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் கொட்டி, மழை படாமல் மூடி, ஆயில் எடுப்பவரிடமோ கழிவு மையத்திடமோ கேளுங்கள். மக்கவைத்தால் லேசான எண்ணெய்ப் பகுதி மாதக்கணக்கில் சிதையும், கனமானது மெதுவாகத்தான் போகும், உலோகம் அப்படியே இருக்கும். எனவே காய்கறிப் பாத்திக்கு அந்த மண் திரும்பக் கூடாது. இனி சிந்தினால் உடனே உலர்ந்த மரத்தூள் அல்லது மணலைக் கொட்டிக் காலால் தேய்த்து ஊறவிட்டு அள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, மாடு இருந்தால் ஷெட்டை அடையுங்கள். மாடுகள் பழைய ஆயிலை நக்கும். பழைய பேட்டரியும் கழிவு ஆயிலும் மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏற முக்கியக் காரணங்கள், கன்றுகள் சீக்கிரம் விழும். பார்வை மங்குவது, தலையைச் சுவரில் முட்டி நிற்பது, வலிப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். உண்ணிக்கு இந்த ஆயிலைத் தடவச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், மாடு தன் உடம்பைத் தானே நக்கும்.

கலப்பை:
கொடுக்கும் இடம்: ஆயில் விற்கும் கடை, பெரிய சர்வீஸ் ஒர்க்ஷாப், மறுசுத்திகரிப்பு ஆலைக்காக எடுக்கும் உரிமம் பெற்ற சேகரிப்பாளர். ஆயில் தேய்ந்து போவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். நீரையும் எரிபொருளையும் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மூலத்தில் பாதிக்கு மேல் திரும்ப மசகு எண்ணெயாகும். எடுக்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, எந்த ஆலைக்குப் போகிறது? இரண்டாவதற்குப் பதில் மழுப்பலாக இருந்தால் அது எங்கோ செங்கல் சூளைக்கோ பள்ளத்துக்கோ போகிறது என்று எடுத்துக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள். 80 லிட்டருக்காக அவர் வரமாட்டார் என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரு பேரல் நிரப்புங்கள். ஊற்றும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், மூடிக்குப் பூட்டும் போடுங்கள். எவரோ கூலண்டைக் கலந்துவிட்டால் 200 லிட்டரும் வீண்.